அப்பாவின் தொட்டியில் நான் தண்ணீர் மாற்றிய நாள்

“தண்ணிய மாத்தாதேம்மா. மாத்துனா மீன் செத்துப்போயிடும்.”

அப்பா இதை எத்தனை முறை சொல்லியிருப்பார் என்பதற்குக் கணக்கே இல்லை. ஈசூனில் இருக்கும் அவருடைய வீவக வீட்டுக் கூடத்தில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஓர் இரண்டடி மீன்தொட்டி உண்டு. கப்பல் பட்டறை வேலையிலிருந்து ஓய்வுபெற்ற வாரத்தில் வாங்கியது. ஆறு ஆண்டுகளாக அவர் செய்ததெல்லாம், ஆவியாகிக் குறைந்த தண்ணீரைக் குவளையால் ஊற்றி நிரப்பியதுதான். அதற்கான தண்ணீரையும் வாளியில் பிடித்து ஒருநாள் வைத்துவிட்டுத்தான் ஊற்றுவார். தொட்டித் தண்ணீர் லேசான தேநீர் நிறம். ஆனால் தெளிவாக இருக்கும். நான்கு ஏஞ்சல் மீன்கள், ஐந்து டெட்ராக்கள், கண்ணாடியில் ஒட்டிக்கொண்டே திரியும் இரண்டு பாசி தின்னிகள். மொத்தம் பதினொன்று. எல்லாம் நன்றாகத்தான் இருந்தன.

ஜூன் பள்ளி விடுமுறையில் அப்பாவுக்கு முட்டி அறுவை சிகிச்சை. ஆறு நாள் மருத்துவமனையில் தங்க வேண்டியிருந்தது. அவர் வீடு திரும்பும்போது தொட்டி பளிச்சென்று இருக்கட்டுமே என்று எனக்குத் தோன்றியது. தொடக்கநிலை 2ல் படிக்கும் என் மகனைக் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே போனேன். “தாத்தாவுக்கு சர்ப்ரைஸ்” என்று அவனுக்கு ஒரே உற்சாகம்.

மீன்களை வாளிக்கு மாற்றினோம். தண்ணீரில் பத்தில் ஒன்பது பங்கை இறைத்துக் கொட்டினோம். அடியில் கிடந்த கூழாங்கற்களைக் குளியலறையில் அலசினோம். வடிகட்டியின் பஞ்சு கருப்பாக, கொழகொழவென்று இருந்தது. அது வெளுக்கும்வரை குழாயடியில் பிழிந்தேன். பிறகு சமையலறைக் குழாயில் ரப்பர் குழாயைச் செருகித் தொட்டியை நிரப்பினோம். ‘ஆன்டி குளோரின்’ என்று ஒரு மருந்து இருப்பது எனக்குத் தெரியும். அப்பா வீட்டில் அது இல்லை. நாம் குடிக்கிற தண்ணீர்தானே என்று விட்டுவிட்டேன்.

மதியம் தொட்டி கடைக் காட்சிப்பெட்டிபோல் மின்னியது. மகன் அதைக் காணொளி எடுத்துத் தாத்தாவுக்கு அனுப்பினான். நாலு மணிக்கு அவன்தான் கேட்டான்: “அம்மா, ஏன் எல்லா மீனும் மேல வந்து வாயத் திறக்குது?”

மறுநாள் காலை நான் நேரடி நிகழ்ச்சியில் இருந்தேன். ஆறரை மணிப் பாடல் ஓடிக்கொண்டிருந்தபோது அம்மாவிடமிருந்து குறுந்தகவல் வந்தது. ஒன்பது மீன்கள் மிதந்தன. பாட்டு முடிய இன்னும் நாற்பது விநாடி. அதற்குப் பிறகு நேயர்களுக்கு நான் காலை வணக்கம் சொன்ன குரலை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அப்பா சொன்னது பலித்துவிட்டது. தண்ணீரை மாற்றினேன், மீன் செத்தது. ஆறு ஆண்டு மாற்றாமல் இருந்தவரைக்கும் உயிரோடு இருந்தவை, மாற்றிய அன்றே போய்விட்டன. இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

ஒரு ஜாம் போத்தல் சாட்சி சொல்லும் என்று அப்போது நான் நினைக்கவில்லை.

நத்தை கொண்டுவந்த செய்தி

தொட்டியைக் கழுவுவதற்கு முன்பு, மகன் ஒரு நத்தையைப் பிடித்து, காலி ஜாம் போத்தலில் பழைய தொட்டித் தண்ணீரோடு விட்டு வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தான். புதன்கிழமை அந்தப் போத்தலை எடுத்துக்கொண்டு சிராங்கூன் நார்த்தில் உள்ள மீன் கடை ஒன்றுக்குப் போனேன். அந்த வட்டாரத்துப் புளோக்குகளின் கீழ்த்தளத்தில் மீன் கடைகள் வரிசையாக இருப்பது மீன் வளர்ப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். கடைக்கார அங்கிள் நான் சொன்ன கதை முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதற்கு முன்பு கடைசியாக எப்போது தண்ணீர் மாற்றினீர்கள்?

“ஆறு வருஷமா மாத்தல அங்கிள்.”

அவர் ஒன்றும் சொல்லாமல் போத்தலை வாங்கினார். சின்னக் கண்ணாடிக் குழாய்களில் அந்தத் தண்ணீரை ஊற்றி, சொட்டு மருந்து விட்டு, நிற அட்டையோடு ஒப்பிட்டுக் காட்டினார். தண்ணீரின் அமில-காரத் தன்மையைச் சொல்லும் பிஎச் அளவு, அட்டையின் அடிமட்டமான 6ல் நின்றது. அதற்கும் கீழே இருக்கலாம், அட்டையில் அதற்கு மேல் நிறமில்லை. நைட்ரேட் சோதனைக் குழாய் செங்கல் சிவப்பாக மாறியது. அது அட்டையின் உச்சம். அம்மோனியா குழாய் பச்சை. நல்ல தொட்டியில் அது மஞ்சளாக இருக்க வேண்டும். பிறகு கடைக் குழாயிலிருந்து பிடித்த தண்ணீரைச் சோதித்தார். அதன் பிஎச் 8க்குப் பக்கத்தில் இருந்தது.

கடைசியாக நத்தையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஓடு வெள்ளையாகி, சுண்ணாம்புச் சுவர் உதிர்வதுபோல் குழிகுழியாக அரித்திருந்தது. நத்தை ஓடு கால்சியத்தால் ஆனது, அமிலத் தண்ணீரில் கரையும். ஆறு ஆண்டுகளாகத் தொட்டியில் என்ன நடந்தது என்பதை அந்த நத்தை முதுகில் சுமந்துகொண்டே திரிந்திருக்கிறது. எங்களில் யாருக்கும் பார்க்கத் தெரியவில்லை.

தெளிந்த தண்ணீருக்குள்

தொட்டிக்குள் வெளியிலிருந்து தினமும் போவது ஒன்றுதான், மீன் உணவு. தின்ற உணவும் தின்னாமல் மிஞ்சிய உணவும் கடைசியில் அம்மோனியாவாக மாறுகின்றன. மீனின் செவுள் வழியாகவே அம்மோனியா வெளியேறுகிறது. மீனுக்கு அது நஞ்சு. வடிகட்டிப் பஞ்சிலும் கற்களிலும் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதுவும் நஞ்சுதான். வேறு சில பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட்டின் கடுமை குறைவு. ஆனால் நம் வீட்டுத் தொட்டியில் அதற்குப் போக்கிடம் இல்லை. நிறைய செடி இருந்தால் செடி ஓரளவு எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் சேர்ந்துகொண்டே போகும்.

‘ஆவியாகிற தண்ணீருக்குப் பதிலாகத்தான் புதுத் தண்ணீர் ஊற்றுகிறோமே?’ என்பது அப்பாவின் வாதம். அதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஆவியாவது வெறும் தண்ணீர். அதில் கரைந்திருந்த உப்பும் நைட்ரேட்டும் தொட்டியிலேயே தங்கிவிடும். அடுப்பில் குழம்பு சுண்டிவிட்டது என்று கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறோம், மறுபடியும் சுண்டுகிறது, மறுபடியும் ஊற்றுகிறோம். குழம்பின் அளவு மாறாது. ஆனால் அதில் போட்ட உப்பில் ஒரு கல்கூடக் குறையாது. தொட்டியிலோ தினமும் மேலும் உப்பு விழுகிறது.

இன்னொன்றும் நடக்கிறது. பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. குழாய்த் தண்ணீரில் இயல்பாக இருக்கும் கார்பனேட் அந்த அமிலத்தைத் தாங்கிக்கொள்ளும். அது தீர்ந்துபோனால் பிஎச் இறங்கத் தொடங்கும். 6ஐ நெருங்கியதும் பாக்டீரியாக்களே மந்தமாகிவிடும். அம்மோனியா மாறாமல் தண்ணீரிலேயே தங்கும்.

அப்படியென்றால் அப்பாவின் மீன்கள் எப்படிப் பிழைத்தன? அமிலத் தண்ணீரில் அம்மோனியா பெரும்பாலும் ‘அம்மோனியம்’ என்ற, அவ்வளவாகக் கெடுதல் செய்யாத வடிவில் இருக்கும். தண்ணீரும் ஒரே நாளில் கெடவில்லை. ஆறு ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. மீன்களும் அதற்கேற்ப உடம்பைப் பழக்கிக்கொண்டன.

கேட்டுக்கொண்டிருந்தபோதே எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. அப்பா அவ்வப்போது தேக்கா போய்வரும் வழியில் நாலைந்து கப்பி மீன்கள் வாங்கிவருவார். இரண்டே நாளில் அவை செத்துவிடும். “இப்ப வர்ற மீனுக்குச் சத்தே இல்ல” என்பார். சத்து இல்லாமல் போனது மீனுக்கு அல்ல. பழைய மீன்களுக்குப் பழகிப்போன தண்ணீர், புதிதாக வந்தவற்றுக்குத் தாங்கவில்லை. பழைய மீன்கள் நலமாக இருக்க, புதிதாக விடும் மீன்கள் மட்டும் அடிக்கடி செத்தால் தொட்டித் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள்.

ஒரே காலையில் மூன்று தவறு

இப்போது என் பங்குக்கு வருகிறேன்.

முதல் தவறு, ஒரேயடியாகப் பத்தில் ஒன்பது பங்கை மாற்றியது. பிஎச் 6ல் இருந்த மீனை ஒரு மணி நேரத்தில் 8க்குத் தள்ளினேன். பிஎச் ஒரு புள்ளி கூடினால், நச்சு வடிவில் இருக்கும் அம்மோனியாவின் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். இரண்டு புள்ளிக்கு நூறு மடங்கு. சாதுவாகக் கிடந்த அம்மோனியத்தில் மிச்சமிருந்ததை நானே நஞ்சாக்கினேன். கரைந்த உப்புகள் மிகுந்த தண்ணீரிலிருந்து குறைந்த தண்ணீருக்குத் திடீரென்று வந்ததில் மீனின் உடம்பு நீர்ச்சமநிலையும் தடுமாறியிருக்கும்.

இரண்டாவது, ஆன்டி குளோரின் ஊற்றாதது. சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் கிருமிநீக்கத்திற்காகக் குளோரமின் உள்ளது. நாம் குடிக்கலாம், ஒன்றும் ஆகாது. மீனுக்குச் செவுள் வழியாக அது நேரே இரத்தத்தில் கலந்துவிடும்.

மூன்றாவது, பஞ்சைக் குழாயடியில் கழுவியது. அந்தக் கருப்பான கொழகொழப்பு அழுக்கு மட்டும் அல்ல, தொட்டியைக் காப்பாற்றும் பாக்டீரியாக்களின் வீடும் அதுதான். கிருமிநீக்கிய தண்ணீரில் அவற்றையும் சேர்த்து அலசிவிட்டேன்.

இந்த மூன்றில் ஒன்று போதும். நான் மூன்றையும் செய்தேன். ஆக, அப்பாவின் தொட்டியில் நடந்தது ஒரே தவறின் இரண்டு பாதி. ஆறு ஆண்டு மாற்றாமல் இருந்தது ஒரு பாதி, அதை ஒரே காலையில் சரிசெய்யப் பார்த்தது மறுபாதி. இரண்டாவது பாதிதான் எல்லாருடைய கண்ணுக்கும் தெரிந்தது.

உங்கள் வீட்டிலும் பல மாதங்களாகத் தண்ணீர் மாற்றாத தொட்டி இருந்தால், இதைப் படித்துவிட்டு இன்றே வாளியைத் தூக்காதீர்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவாக மாற்றுங்கள். சில வாரங்கள் இப்படியே போகட்டும். ஆண்டுக்கணக்கில் ஏறியதை மெல்லத்தான் இறக்க வேண்டும்.

மாற்றவே வேண்டாம் என்பவர்கள்

இந்தக் கதையை நிகழ்ச்சியில் சொன்னபோது வாட்ஸ்அப்பில் செய்திகள் குவிந்தன. பாதிப் பேர் ‘வாரா வாரம் மாற்றுவோம்’ என்றார்கள். மீதிப் பேர் ‘வருடக்கணக்கில் மாற்றியதில்லை, மீன்கள் குட்டி போடுகின்றன’ என்றார்கள். இரண்டாவது கூட்டத்தை நான் கேலி செய்ய மாட்டேன். அந்தக் கருத்துக்கு நீண்ட வரலாறு உண்டு.

ராபர்ட் வாரிங்டன் என்ற லண்டன் வேதியியலாளர், மீன், நீர்ச்செடி, நத்தை மூன்றும் சேர்ந்தால் ஒரு தொட்டி தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்பதைத் தங்கமீன்களை வைத்துச் சோதித்து 1850ல் எழுதினார். வீட்டு மீன்தொட்டி என்ற பழக்கம் பரவியதற்கு அவருடைய சோதனையும் ஒரு காரணம். நம் காலத்தில் அமெரிக்கரான டயானா வால்ஸ்டாட் 1999ல் வெளியிட்ட நூலில், அடியில் மண் போட்டு, செடிகளை அடர்த்தியாக வளர்த்து, தண்ணீரை அரிதாகவே மாற்றும் முறையை விளக்கினார். இன்றும் உலகெங்கும் அதைப் பின்பற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் அந்த முறைக்குச் சில நிபந்தனைகள் உண்டு. செடிகள் அடர்த்தியாகவும் வேகமாக வளர்பவையாகவும் இருக்க வேண்டும். அவற்றை அவ்வப்போது கத்தரித்து வெளியே எடுக்க வேண்டும். நைட்ரேட்டை உறிஞ்சிய இலை வெளியே போனால்தான் நைட்ரேட்டும் வெளியே போகும், அது தொட்டிக்குள்ளேயே அழுகினால் பழையபடி உள்ளேதான் கிடக்கும். மீன்கள் குறைவாக, சிறியவையாக இருக்க வேண்டும். உணவும் அளவோடு. இத்தனையும் இருந்தால் மாதத்துக்கு ஒருமுறையோ அதைவிட அரிதாகவோ மாற்றினாலும் தொட்டி நன்றாக இருக்கும். அப்போதும் சோதனைப் பெட்டி கையில் இருக்க வேண்டும்.

நம்மில் பலர் வீட்டில் இருப்பது அந்தத் தொட்டியா? பிளாஸ்டிக் செடி, வண்ணக் கல், ஒரு சின்னக் கப்பல் பொம்மை, பிள்ளைகள் கேட்டார்கள் என்று வாங்கிச் சேர்த்த பதினைந்து மீன்கள். அங்கே நைட்ரேட்டை வெளியே கொண்டுபோக இருப்பது நாமும் நம் வாளியும்தான்.

ஒரு வாளிக் கணக்கு

எவ்வளவு மாற்றுவது? இதற்குப் பள்ளிக்கூடக் கணக்கு போதும். ஒரு தொட்டியில் வாரத்துக்கு நைட்ரேட் லிட்டருக்கு 10 மில்லிகிராம் ஏறுகிறது, குழாய்த் தண்ணீரில் நைட்ரேட்டே இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

வாரம் 10 விழுக்காடு மாற்றினால், நாளடைவில் நைட்ரேட் 100 வரை ஏறி அங்கே நிற்கும். ஒவ்வொரு வாரமும் 100ல் 10 வெளியே போகும், 10 உள்ளே வரும். 25 விழுக்காடு மாற்றினால் 40ல் நிற்கும். 50 விழுக்காடு மாற்றினால் 20ல் நிற்கும். மாற்றவே இல்லையென்றால் ஏற்றத்துக்கு நிற்கும் இடமே இல்லை.

மீன் வளர்ப்பவர்கள் பொதுவாக நைட்ரேட்டை 40க்குக் கீழே, முடிந்தால் 20க்குக் கீழே வைக்கப் பார்ப்பார்கள். ‘வாரம் கால் பங்கு’ என்று கடைகளில் சொல்லும் அறிவுரை இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது. மீன் அதிகம் என்றால் அது போதாது. மீன் குறைவு, செடி அதிகம் என்றால் அவ்வளவு தேவையில்லை. ஆகவே ‘எத்தனை நாளுக்கு ஒருமுறை’ என்ற கேள்விக்கு எல்லாத் தொட்டிக்கும் பொருந்தும் விடை கிடையாது. உங்கள் தொட்டியின் நைட்ரேட் வாரத்துக்கு எவ்வளவு ஏறுகிறது என்று இரண்டு மூன்று வாரம் அளந்து பாருங்கள். விடை அதிலேயே இருக்கும்.

புதுத் தொட்டி என்றால் கதை வேறு. பாக்டீரியாக்கள் பெருகி நிலைக்க ஏறக்குறைய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அந்த நாள்களில் நைட்ரேட்டைவிட அம்மோனியாவும் நைட்ரைட்டும்தான் ஆபத்து. மீனை விட்டுவிட்டீர்கள் என்றால், அவை சோதனையில் தென்படும்போதெல்லாம் கொஞ்சம் தண்ணீர் மாற்றுவது மீனைக் காப்பாற்றும்.

நம் குழாயும் நம் வாளியும்

அந்தக் காலத்தில் தண்ணீரை வாளியில் பிடித்து ஒருநாள் வைத்தால் போதும் என்பார்கள். அப்பாவும் அப்படித்தான் செய்துவந்தார். தண்ணீரில் குளோரின் மட்டும் இருந்தால் அது சரி, ஒருநாளில் பறந்துவிடும். குளோரமின் அவ்வளவு சீக்கிரம் போகாது. அப்பா ஊற்றியது சில குவளைதான் என்பதால் தொட்டி தாங்கிக்கொண்டது. வாளிக்கணக்கில் மாற்றுகிறவர்களுக்கு ஆன்டி குளோரின் கட்டாயம். வாங்கும்போது குளோரமினுக்கும் ஏற்றதா, அம்மோனியாவையும் கட்டுப்படுத்துமா என்று போத்தலில் பாருங்கள். குளோரமின் உடையும்போது கொஞ்சம் அம்மோனியா வெளிப்படும் என்பதால் இது முக்கியம்.

பஞ்சைக் கழுவ வேண்டுமானால், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே இரண்டு முறை பிழிந்தால் போதும். தண்ணீர் மாற்றும் அதே நாளில் பஞ்சு, கல், அலங்காரப் பொருள் எல்லாவற்றையும் சேர்த்துக் கழுவாதீர்கள். புதுத் தண்ணீரின் சூடு தொட்டித் தண்ணீரோடு ஒத்திருக்கட்டும். ஊற்றுவதையும் நிதானமாக ஊற்றுங்கள்.

வாளியில் தண்ணீர் பிடித்துவைக்கும் பழக்கம் இருந்தால் மூடி வையுங்கள், நாள்கணக்கில் விடாதீர்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம் போதும். மீன் செத்துப்போன தொட்டியையும் தண்ணீரோடு அப்படியே விட்டுவைக்கக் கூடாது.

தீபாவளிக்கு ஜோகூர் பக்கமோ, டிசம்பரில் ஊருக்கோ போகிறீர்கள் என்றால், கிளம்பும் அன்று அவசரமாகப் பாதித் தொட்டியை மாற்றாதீர்கள். சில நாள் முன்பே வழக்கமான அளவு மாற்றிவிட்டு, ஏதாவது கோளாறு தெரிகிறதா என்று பார்க்க நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டாரிடம் உணவு கொடுக்கச் சொன்னால் ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிக் கொடுங்கள். அன்பு மிகுந்து அவர்கள் அள்ளிப் போடும் உணவுதான் நீங்கள் திரும்பி வரும்போது அம்மோனியாவாகக் காத்திருக்கும்.

அப்பாவின் எக்ஸ்ரே

மிஞ்சியவை இரண்டு. ஓர் ஏஞ்சல், ஒரு பாசி தின்னி. கடைக்கார அங்கிள் தன் தொட்டி வடிகட்டியிலிருந்து ஒரு துண்டுப் பழைய பஞ்சை வெட்டிக் கொடுத்தார். பாக்டீரியாக்கள் குடியேறிய பஞ்சு. அதற்கு அவர் காசு வாங்கவில்லை. அதை வடிகட்டியில் வைத்தேன். ஒரு வாரம் வேலை முடிந்ததும் ஈசூனுக்குப் போய், ஆன்டி குளோரின் கலந்த தண்ணீரால் தினமும் கொஞ்சம் மாற்றினேன்.

வெள்ளிக்கிழமை அப்பா வீடு திரும்பினார். ஊன்றுகோலோடு தொட்டி முன்னால் நின்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. “சரி, விடும்மா” என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார். அதற்குப் பிறகு இரண்டு வாரம் தொட்டியைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. நான் நைட்ரேட், பிஎச் என்று ஆரம்பித்தால் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டுவார். என் பக்கத்து நியாயத்தைச் சொல்லத்தான் அதையெல்லாம் பேசுகிறேன் என்று அவருக்குத் தோன்றியிருக்கும். அது ஓரளவு உண்மையும்கூட.

ஒரு சனிக்கிழமை பேச்சை விட்டுவிட்டுச் சோதனைப் பெட்டியை அவர் முன்னால் வைத்தேன். மகன் கண்ணாடிக் குழாயைப் பிடித்துக்கொண்டான். அப்பா கண்ணாடியை மூக்கில் தள்ளிவிட்டு, சொட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணி விட்டார். நிறம் மாறுவதைப் பார்த்தார். அன்றைய தண்ணீர் ஆரஞ்சு. பழைய தண்ணீரைச் சோதித்தபோது நான் கைப்பேசியில் எடுத்த படத்தைக் காட்டினேன். செங்கல் சிவப்பு. பக்கத்திலேயே அரித்த ஓட்டோடு நத்தை.

அப்பா கப்பல் பட்டறையில் பல ஆண்டுகள் வெல்டிங் மேற்பார்வையாளராக இருந்தவர். படத்தைப் பெரிதாக்கிச் சற்று நேரம் பார்த்தார். பிறகு பேரனிடம்தான் பேசினார்.

“வெல்டிங்கு வெளியில பாக்க அழகா இருக்கும்டா. உள்ள ஓட்டை இருக்கும். எக்ஸ்ரே எடுத்தாத்தான் தெரியும். கண்ணால பாத்து நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போட்டா கப்பல் முழுகிடும்.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: “நான் ஆறு வருஷம் கண்ணால பாத்தே கையெழுத்துப் போட்டுட்டேன்.”

என்னையும் பார்த்தார். “நீயும் எக்ஸ்ரே எடுக்காம ஆபரேஷன் பண்ணிட்ட.”

அதற்குமேல் அந்தப் பேச்சு எங்களுக்குத் தேவைப்படவில்லை.

இப்போது சனிக்கிழமை தோறும் ஆறு லிட்டர் வாளியில் இரண்டு வாளி மாற்றுகிறோம். கல்லும் மண்ணும் போக ஐம்பது லிட்டர் பிடிக்கும் அந்தத் தொட்டிக்கு அது ஏறக்குறைய கால் பங்கு. வாளி தூக்குவது நான். ஆன்டி குளோரின் அளப்பது மகன். சொட்டு மருந்து அப்பாவின் இலாகா. அந்த வாரத்து அளவை நாள்காட்டித் தாளில் பேனாவால் எழுதிவைப்பார். எடுத்த தண்ணீரை அம்மா வீணாக்குவதில்லை, தாழ்வாரத்திலிருக்கும் கறிவேப்பிலைத் தொட்டிக்கு ஊற்றுகிறார். மீனுக்கு ஆகாத நைட்ரேட் செடிக்கு உரம். போன மாதம் அம்மா எனக்குக் கொடுத்தனுப்பிய பையில் கறிவேப்பிலை ஒரு கட்டு கூடுதலாக இருந்தது.

ஏஞ்சலும் பாசி தின்னியும் நன்றாக இருக்கின்றன. துணைக்கு ஆறு டெட்ராக்கள் விட்டு இரண்டு மாதமாகிறது. ஒன்றும் சாகவில்லை. ‘சத்தில்லாத மீன்’ என்ற பேச்சும் நின்றுவிட்டது.

சென்ற வாரம் மூன்றாவது மாடி அண்டைவீட்டுக்காரர் புதிதாக வாங்கிய தொட்டியைக் காட்ட அப்பாவை அழைத்தார். நானும் கூடப் போனேன். வாசலை விட்டு வரும்போது அப்பா திரும்பி நின்று, ஆறு ஆண்டுகளாகச் சொல்லிவந்த அதே வாக்கியத்தைச் சொன்னார். ஒரு சொல் மட்டும் கூடுதலாக இருந்தது.

“தண்ணிய ஒரேயடியா மாத்தாதீங்க. மாத்துனா மீன் செத்துப்போயிடும்.”